பூச்சி வயிறு என்று இருந்துவிடாதீர்கள்

(கண்டக்குழியில் நடந்த தாய்மார் கூட்டத்தில், சுகாதாரத் துறையில் பணிபுரியும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



நூற்றாண்டை ஒட்டிப் பிள்ளைகளின் சுகாதாரம் பற்றிப் பேசும்படி எம்மைக் கேட்டார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது ஓர் அரிய நோய். அதன் பெயர் ஹெப்பட்டோபிளாஸ்டோமா. சிறு பிள்ளைகளின் ஈரலில் உண்டாகும் புற்றுநோய் அது. 10 இலட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒருவருக்கோ இருவருக்கோதான் வரும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 15 வயதுக்கு உட்பட்டோர் 50 இலட்சத்துக்குச் சற்று அதிகம். அந்தக் கணக்கில் நாடு முழுவதிலும் ஆண்டுக்கு 5 முதல் 10 பிள்ளைகள் என்று கொள்ளலாம்.

இவ்வளவு அரிதானதைப் பற்றி ஏன் பேசவேண்டும்? நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கும் நோய் இது. அதை முதலில் காண்பவர் டொக்டர் அல்லர். பிள்ளையைக் குளிப்பாட்டும் தாய்.

இது பெரும்பாலும் 3 வயதுக்குள் வருகிறது. தொடக்கத்தில் நோவு இருக்காது. பிள்ளை ஓடி விளையாடும். வயிறு மட்டும் பெருக்கும். எமது கரையில் பிள்ளையின் வயிறு பெருத்தால் பூச்சி என்போம், மாந்தம் என்போம், எண்ணெய் போட்டுத் தடவுவோம். பூச்சிக்கு மருந்து கொடுப்பது பிழையல்ல. ஆனால் பூச்சி வலது விலாவுக்குக் கீழே கல்லுப்போன்ற கட்டியை உண்டாக்காது. கைக்குழந்தைக்கு அந்த இடத்தில் ஈரல் ஒரு விரலளவு மெதுவாகத் தட்டுப்படுவது வழமை. கடினமாக, நாளுக்கு நாள் பெரிதாகி வந்தால் அந்தக் கிழமையே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கட்டியை அழுத்தித் தடவவே வேண்டாம். அது வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசியக்கூடும்.

கிளினிக்கில் நிறை கூடுகிறது என்று மட்டும் ஆறுதல் கொள்ளாதீர்கள். கட்டியின் பாரமும் தராசில் சேரும். வயிறு பெருத்து, கையும் தோளும் மெலிந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

வைத்தியசாலையில் முதலில் வயிற்றை ஸ்கான் செய்வார்கள். பிறகு இரத்தத்தில் அல்பா பீற்றோ புரதம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். இந்த நோயுள்ள பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு அது மிகவும் கூடியிருக்கும். பிறந்த குழந்தைக்கு அது இயல்பாகவே கூடுதலாக இருந்து, மாதங்கள் செல்லக் குறையும். ஆகவே இலக்கத்தை வயதோடு சேர்த்துத்தான் டொக்டர் வாசிப்பார். அறிக்கையைப் பார்த்து நாமே பயப்படவும் கூடாது, நாமே ஆறுதலடையவும் கூடாது.

தாய்மாரே, இன்னொன்றையும் கேளுங்கள். இது நீங்கள் சாப்பிட்டதால் வந்ததல்ல, பால் கொடுத்ததால் வந்ததல்ல, கண்ணூறு அல்ல, ஒட்டும் நோயுமல்ல. மிகக் குறைந்த நிறையோடு குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும், சில பிறவி நிலைகள் உள்ள பிள்ளைகளுக்கும் ஆபத்துச் சற்றுக் கூட. மற்றப் பெரும்பாலானோருக்குக் காரணம் தெரிவதில்லை. பிள்ளை படுத்திருக்கும் கட்டிலருகே மாமியாரோ அயலாரோ தாயைக் குற்றம் சொல்லக்கூடாது.

சிகிச்சையின் கதை நம்பிக்கை தருவது. 1970களில் மூன்றில் ஒரு பிள்ளை பிழைப்பதே பெரிது. சிஸ்பிளாற்றின் என்ற மருந்து வந்தபின் நிலைமை மாறியது. மருந்து கட்டியைச் சுருக்குகிறது. பிறகு ஈரலின் அந்தப் பகுதியை வெட்டி எடுக்கிறார்கள். மிச்ச ஈரல் திரும்ப வளர்கிறது. பரவாத, வெட்டி எடுக்கக்கூடிய கட்டியுள்ள பிள்ளைகளைப் பற்றி 2009இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், சிஸ்பிளாற்றின் மட்டும் பெற்றவர்களில் 95 வீதமானோர் மூன்று ஆண்டுகளின் பின்னும் உயிரோடிருந்தார்கள்.

அந்த மருந்துக்கு ஒரு விலையும் உண்டு: சில பிள்ளைகளின் கேட்கும் திறன் குறைகிறது. மருந்து ஏற்றி 6 மணித்தியாலத்தின் பின் சோடியம் தயோசல்பேற்று கொடுத்தால் அந்தப் பாதிப்பு 63 வீதத்திலிருந்து 33 வீதமாகக் குறைவதாக 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே சிகிச்சை பெறும் பிள்ளைக்குச் செவிப் பரிசோதனை நடக்கிறதா என்று கேட்பது தாயின் உரிமை.

எமது நாட்டில் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் இத்தகைய பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணமில்லை. ஆனால் கண்டக்குழியிலிருந்து கற்பிட்டி, பாலாவி, சிலாபம் கடந்து 150 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும். மருந்து பொதுவாக இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை. அறுவைக்கு முன்னும் பின்னும். பஸ் செலவு, தங்குமிடம், கடலுக்குப் போகாத நாட்களின் வருமான இழப்பு, வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் சாப்பாடு, இவற்றுக்கு யார் கொடுப்பது?

இங்கேதான் சிகிச்சை முறிகிறது. கட்டி சுருங்கியதும் சுகம் என்று நினைத்து நிறுத்துவதுண்டு. சோளகம் தொடங்கியதும் வாடி கட்ட வேறு கரைக்குப் பெயர்ந்து, தவணையைத் தவறவிடுவதும் உண்டு. சுருங்கிய கட்டி திரும்ப வளரும், நுரையீரலுக்கும் போகும். தலவில அன்னம்மாளுக்கு நேர்த்தி வையுங்கள். பள்ளிவாசலில் துஆ கேளுங்கள். கோயிலில் அர்ச்சனை செய்யுங்கள். கிளினிக் திகதியை மட்டும் தவறவிடாதீர்கள். சிகிச்சை முடிந்த பிறகும் இரத்தப் பரிசோதனை தொடரவேண்டும். அந்தப் புரதம் மீண்டும் ஏறுவதுதான் பலவேளை முதல் எச்சரிக்கை.

கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் மத்திய கிழக்கிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளிடம் எமது வேண்டுகோள் ஒன்று. நூற்றாண்டு நினைவாக மண்டபமும் வாயிலும் கட்டுகிறோம், நல்லது. அதோடு ஒரு சிறு பயண நிதியையும் தொடங்குவோம். எந்த நோயானாலும், இந்தக் கரையிலிருந்து தலைநகருக்குச் சிகிச்சைக்குப் போகும் பிள்ளைக்கும் தாய்க்கும் பஸ் காசும், தங்க ஓரிடமும், சிங்களத்தில் பேசித் துணைநிற்க ஒரு பழைய மாணவியும் கிடைக்கட்டும். கொழும்பிலுள்ளவர்கள் தங்கள் தொலைபேசி இலக்கத்தைச் செயலாளரிடம் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்தப் பள்ளிக்கூடம் எம்மை எழுத வாசிக்கப் படிப்பித்தது. அந்தப் படிப்பு, ஒரு தாய்க்குக் கிளினிக் துண்டை வாசித்துச் சொல்லவும் உதவட்டும்.