விதிப்புத்தகம் உண்மை பேசட்டும்



வீட்டடர்த்தி விதிகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவின் சாந்தா கிளாரா கவுண்டியில் சொந்த வீடு வைத்திருக்கும் தமிழர்கள் முன்னால் இதைப் பேசுவது எளிதில்லை. வருஷக்கணக்கில் உழைத்து, கழுத்து வரை கடன் வாங்கி, பள்ளிக்கூடம் பார்த்து வாங்கிய வீடு. பக்கத்து மனையில் நாலு வீடு வரலாம் என்று மாநிலத் தலைநகர் சேக்ரமெண்டோவில் சட்டம் போட்டால் வயிற்றில் புளியைக் கரைக்கத்தான் செய்யும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து என்று நம் நகர மன்றங்கள் பலவும் பிடித்துக்கொண்ட வழி, காலம் கடத்துவது. மாநிலச் சட்டம் மாறும். நகர விதி மாறாது. அந்த இழுத்தடிப்புதான் நம்மைக் கெடுத்தது என்று சொல்லவே மேடையேறியிருக்கிறேன்.

ஒரே ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். அடர்த்திச் சலுகைச் சட்டம், கலிஃபோர்னியாவில் 1979 முதல் இருக்கிறது. குடியிருப்பு கட்டுகிறவர், அதில் ஒரு பங்கை வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஒதுக்கினால், நகரம் அனுமதிக்கும் எண்ணிக்கைக்கு மேலேயும் கட்டிக்கொள்ளலாம். அந்தக் கூடுதலின் உச்சவரம்பு நெடுநாள் 35 சதவீதமாக இருந்தது. 2021 ஜனவரியில் அது 50 ஆனது. 2024 ஜனவரியிலிருந்து 100 வரை போகலாம். 100 வீடு கட்டக்கூடிய மனை என்று வையுங்கள். 15 வீட்டை மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒதுக்கினால் 150 வீடு கட்டலாம். இன்னும் 15 வீட்டை நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு ஒதுக்கினால் 200.

நகரத்தின் விதிப்புத்தகம் மட்டும் பழைய 35-லேயே நிற்கிறது என்று வையுங்கள். தெருக்கோடி வீட்டு அம்மா கம்ப்யூட்டரில் அதைத் திறந்து படிக்கிறார். 135 வீடுதான் வரும் என்று நம்பி நகர மன்றக் கூட்டத்துக்குப் போகிறார். அங்கே சுவரில் 200 வீட்டு வரைபடம் மாட்டியிருக்கிறது. யாரோ பணம் வாங்கிவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றாமல் என்ன செய்யும்? கட்டுநரின் வக்கீல் எழுந்து மாநிலச் சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்கிறார். நகர வக்கீல் தலையாட்டுகிறார். அந்த அம்மாவுக்குப் பேசக் கிடைத்த மூன்று நிமிடம் முடிந்துபோகிறது. அங்கே யாரும் லஞ்சம் வாங்கவில்லை, யாரும் சட்டத்தை மீறவில்லை. விதிப்புத்தகம் அவரிடம் பொய் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்! தன் குடிமக்களிடம் தன் கையெழுத்தோடு பொய் சொல்லும் உரிமையை நாம் எந்த நகரத்துக்கும் கொடுக்கவில்லை.

தாமதத்தின் விலை என்ன என்று தெரிய வேண்டுமானால் குப்பர்டினோவைப் பாருங்கள். 2031 வரையிலான எட்டு வருஷச் சுற்றுக்கு அந்த ஊருக்கு மாநிலக் கணக்கில் விழுந்த பங்கு 4,588 வீடுகள். அதற்கு எங்கெங்கே இடம் என்று காட்டும் வீட்டுத் திட்டத்தை 2023 ஜனவரி 31-க்குள் முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை. வழக்கு வந்தது, சமரசம் வந்தது. மாநிலத்தின் ஒப்புதல் 2024 செப்டம்பரில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் ‘பில்டர்ஸ் ரெமடி’ என்கிற கதவு திறந்துகிடந்தது. அப்போதைய சட்டப்படி, திட்டம் இல்லாத ஊரில், ஐந்தில் ஒரு வீட்டைக் குறைந்த வருமானக்காரர்களுக்குக் கொடுக்கிறேன் என்று ஒருவர் வந்தால், உன் கட்டடம் எங்கள் மண்டல விதிக்குப் பொருந்தவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாமல் இருந்தது. எத்தனை மாடி, எந்தத் தெரு என்பதில் ஊரின் பேச்சு எடுபடவில்லை. உயரத்தைக் காப்பாற்றப் போகிறோம் என்று சொன்னவர்கள்தான் உயரத்தைப் பற்றிப் பேசும் உரிமையைக் கைநழுவ விட்டார்கள்.

வுட்சைட் என்ற பணக்கார ஊர் 2022-இல் இன்னொரு வழியைப் பிடித்தது. ஒற்றைக் குடும்ப மனையைப் பிரித்துக் கட்டலாம் என்ற எஸ்.பி. 9 சட்டம் எங்களுக்குப் பொருந்தாது, ஊர் முழுவதும் மலைச்சிங்கம் வாழும் இடம் என்றது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஒரு கடிதம் எழுதினார், ஊர் பின்வாங்கியது. வேறு பல ஊர்கள் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டு, வேறு எந்த வீட்டுக்கும் இல்லாத நிபந்தனைகளை அந்த வீடுகளுக்கு மட்டும் எழுதி வைத்தன. 2024-இல் எஸ்.பி. 450 என்ற சட்டம் வந்து அதையும் அடைத்தது. விண்ணப்பத்துக்கு 60 நாளில் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே அர்த்தம் என்றும் சொல்லிவிட்டது. ஊர்கள் ஒவ்வொரு சந்தாக ஓட, மாநிலம் ஒவ்வொரு சந்தாக அடைக்கிறது. ஒவ்வொரு அடைப்பிலும் நம் உள்ளூருக்கு மிச்சமிருந்த இடம் இன்னும் கொஞ்சம் சுருங்குகிறது.

உள்ளாட்சியின் உரிமையை மாநிலம் பறிக்கலாமா என்று கேட்பீர்கள். மாநில சுயாட்சி பேசிய மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். இந்தக் கேள்வி நம் ரத்தத்தில் ஊறியது. நானும் அதை மதிக்கிறேன். ஆனால் இங்கே உள்ளாட்சி அதிகாரம் யாருக்கு எதிராகப் பயன்பட்டது என்ற வரலாற்றையும் பார்க்க வேண்டும். பெர்க்லியின் எல்ம்வுட் பகுதியில் 1916-இல் ஒற்றைக் குடும்ப வீடு மட்டும் என்ற மண்டலம் வந்தது. அமெரிக்காவிலேயே இதுதான் முதல் என்பார்கள். அந்தக் காலத்துப் பத்திரங்களில், வெள்ளையரைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்ற வாசகம் சர்வ சாதாரணம். குடியுரிமை பெற முடியாத அன்னியர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 1913-இல் சட்டம் போட்டது. பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியருக்குக் குடியுரிமை இல்லை என்று 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும், அந்தச் சட்டம் நம்மவர்கள் கழுத்துக்கும் வந்தது. இனத்தைச் சொல்லி விலக்கும் பத்திரங்களை இனி நீதிமன்றம் அமல்படுத்தாது என்று 1948-இல் தீர்ப்பானது. பத்திரத்தின் வாசகம் செத்தது. பெரிய மனை, ஒரே வீடு என்ற விதி தங்கிவிட்டது. இன்று அது ஆளின் நிறத்தைக் கேட்பதில்லை, சம்பளத்தைக் கேட்கிறது. அந்தக் காலத்துப் பத்திரங்களின்படி இந்தத் தெருக்களில் நமக்கே இடம் கிடைத்திருக்காது. அப்படிப்பட்ட நாம், அதே கதவை நமக்குப் பின்னால் வருகிறவர் முகத்தில் சாத்தலாமா?

பள்ளிகள் நிரம்பி வழியும் என்று சொல்கிறார்கள். இந்தச் சிலிக்கான் பள்ளத்தாக்கில் உண்மை நேர்மாறாக இருக்கிறது. குப்பர்டினோ பள்ளி மாவட்டம் 2022-இல் ரெக்னார்ட், மையர்ஹோல்ஸ் ஆரம்பப் பள்ளிகளை மூடியது. காரணம், பிள்ளைகள் குறைந்துபோனார்கள். சிறு பிள்ளைகளோடு வரும் இளம் குடும்பம் இந்த வீட்டு விலையில் எப்படி வரும்? அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை, தொலைவிலிருக்கும் ட்ரேசியிலிருந்து விடியுமுன்னே கிளம்பி ஆல்டமான்ட் கணவாய் நெரிசலில் ஊர்ந்து வருகிறார். எல் கமினோ சாலையில் நாம் விரும்பிப் போகும் உணவகத்தில் தோசைக் கல்லின் முன்னால் நிற்கிறவர், மூன்று பேரோடு ஒரு அறையைப் பகிர்ந்துகொள்கிறார். நம் அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கினால், கொல்லைப்புறத்தில் 800 சதுர அடியில், வேலியிலிருந்து நாலு அடி தள்ளி, ஏ.டி.யு. என்கிற ஒரு துணை வீடு கட்ட மாநிலச் சட்டம் வழி விட்டிருக்கிறது. அதற்கும் பல ஊர்கள் முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தவைதான். படியேற முடியாத அம்மாவுக்கு அடுப்பங்கரையோடு ஒரு தனி வாசல் கிடைப்பது அடர்த்தி என்றால், அந்த அடர்த்தி எனக்கு வேண்டும்.

இனி நடக்க வேண்டியதற்கு வருகிறேன். ரயில் நிலையங்களைச் சுற்றி அரை மைல் வரை உயரமான குடியிருப்புகளுக்கு வழி விடும் எஸ்.பி. 79 சட்டம் 2025 அக்டோபரில் கையெழுத்தானது. 2026 ஜூலை 1 முதல் நடைமுறை. கால்ட்ரெயினும் லைட் ரெயிலும் ஓடும் சன்னிவேல், மவுண்டன் வியூ, சான் ஹோசேக்காரர்கள் இதைக் கூர்ந்து கவனியுங்கள். நகரம் தானே மாற்றுத் திட்டம் எழுதி, மொத்த அளவு குறையாமல், இந்தத் தெருவில் கூட்டி அந்தத் தெருவில் குறைக்க அந்தச் சட்டமே இடம் தருகிறது. உட்கார்ந்து எழுதும் ஊருக்குத்தான் அந்த வாய்ப்பு. எழுதாத ஊருக்கு மாநிலம் எழுதியதே விதி.

ஆகவே உங்கள் நகர மன்றத்துக்குப் போங்கள். மூன்று நிமிடம் கிடைக்கும். வேண்டும், வேண்டாம் என்று வாதாடி அதைச் செலவழிக்காதீர்கள். நம் விதிப்புத்தகத்தில் அடர்த்திச் சலுகை எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறது, மாநிலச் சட்டத்தில் எத்தனை என்று கேளுங்கள். இரண்டும் வேறு என்றால், திருத்த வரைவு எந்தத் தேதிக்கு இந்த மேசைக்கு வரும் என்று கேளுங்கள். எஸ்.பி. 79-க்கு மாற்றுத் திட்டம் எழுதப் போகிறீர்களா, எங்கள் கருத்தை எப்போது கேட்பீர்கள் என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு உட்காருங்கள். அடுத்த கூட்டத்துக்கும் போங்கள்.