தீப்பெட்டி அளவில் ஒரு கடை

கோவில்பட்டி வணிகர்கள் கூடியிருக்கும் இந்த மேடையில் ஒரே ஒரு காரியத்தை வலியுறுத்தப் போகிறேன். எவ்வளவு சின்னக் கடையானாலும் அதற்குச் சொந்தமாக ஒரு வெப்சைட் வேண்டும். அந்த வெப்சைட் செல்போனில் பார்ப்பதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்காகச் செய்துவிட்டு, செல்போனிலும் ஏதோ தெரிகிறது என்று விட்டுவிடுகிற தளத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நம் வாடிக்கையாளரை நினைத்துப் பாருங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் படுத்திருக்கிறார். கையில் இருப்பது பத்தாயிரம் ரூபாய் போன். ஸ்டேஷன் தாண்டினால் சிக்னல் போகிறது, அடுத்த ஸ்டேஷன் வந்தால் திரும்புகிறது. சென்னையில் மகள் வீட்டுக்கு ஐந்து கிலோ கடலை மிட்டாய் அனுப்ப வேண்டும், யாரிடம் சொல்லலாம் என்று தேடுகிறார். அவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. இனி வாங்கப்போவதும் இல்லை. அவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்கு நம் வணிகத்தின் கதாநாயகர் அவர்தான். அவருக்கு உங்கள் கடை திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்த மாற்றம் எப்போது வந்தது என்று கேட்டால், 2016-ஐத் தனியே எடுத்துப் பாருங்கள் என்பேன். அந்த ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது. செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. டேட்டா விலை தரைக்கு வந்தது. அக்டோபரில், ஸ்டாட்கவுன்டர் நிறுவனத்தின் கணக்குப்படி, உலக அளவில் செல்போனிலும் டேப்லெட்டிலும் இணையம் பார்ப்பது முதல்முறையாகக் கம்ப்யூட்டரை மிஞ்சியது. நவம்பர் 8 இரவு ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போயின. அந்த அடியை இந்த ஊர்க் கடைவீதி மறந்திருக்காது. அதே நவம்பரில் கூகுள், இனி ஒரு தளத்தின் செல்போன் வடிவத்தையே முதன்மையாக வைத்துத் தேடல் பட்டியல் தயாரிக்கப் போவதாக அறிவித்தது. ஓர் ஆண்டுக்குள் பணம், டேட்டா, தேடல் மூன்றும் ஒரே கருவிக்குள் புகுந்துகொண்டன. 2023 ஆகஸ்டில் யுபிஐ பரிவர்த்தனை ஒரே மாதத்தில் ஆயிரம் கோடியைத் தாண்டியது. பூக்கடையிலும் இளநீர் வண்டியிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. பணம் வாங்க செல்போனை நம்பிவிட்டோம். கடையைக் காட்ட மட்டும் இன்னும் தயங்குகிறோம். இது சரிதானா?

இந்த ஊருக்கும் சிவகாசிக்கும் சிறிய பரப்பில் வணிகம் செய்வதை யாரும் வெளியிலிருந்து வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றார்கள். மறு ஆண்டு சொந்த ஊரில் தொடங்கினார்கள். மானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் வயிறு காயும் சீமை. அந்த மண்ணில் ஒரு தொழிலை வேரூன்ற வைத்தார்கள். கோவில்பட்டியும் சாத்தூரும் அதில் சேர்ந்துகொண்டன. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகம் வந்தது. அச்சகம் வந்த பிறகு தினசரி நாட்காட்டி, வாழ்த்து அட்டை என்று அது இந்தியா முழுவதும் போனது. அந்த லேபிளை வரைந்த கைகளை நினைத்துப் பாருங்கள், ஐயா. அவர்களில் பலர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெரிய சுவரொட்டியைச் சுருக்கி ஒட்டினால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. இரண்டு விரல் அகலத்தில் எது நிற்கும் என்று யோசித்தார்கள். ஒரு படம், ஒரு பெயர், கண்ணில் அடிக்கிற ஒரு நிறம். வேறு மாநிலத்தில், தமிழே தெரியாத ஒருவர் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குகிற அளவுக்கு அந்தச் சின்னப் பரப்பு வேலை செய்தது. செல்போன் திரைக்குப் பக்கம் அமைப்பது இதே வேலைதான். 2010-இல் ஈத்தன் மார்கோட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், திரையின் அகலத்துக்குத் தக்கபடி பக்கமே தன்னை மாற்றி அடுக்கிக்கொள்ளும் முறையை விளக்கி எழுதினார். உலகம் அதைப் புதுமை என்று கொண்டாடியது. பரப்பைப் பார்த்துப் பொருளை அமைக்கும் அந்த அறிவு இந்தக் கரிசல் சீமையில் ஏற்கெனவே இருந்தது. அதைத்தான் திரும்ப எடுக்கச் சொல்கிறேன்.

அப்படி அமைக்காத பக்கம் என்ன செய்யும் என்று பார்ப்போம். கம்ப்யூட்டர் திரைக்காக அகலமாகக் கட்டிய பக்கம் செல்போனில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆங்கிலமாவது தட்டுத்தடுமாறிப் படிக்கலாம். கொம்பும் சுழியும் புள்ளியும் நிறைந்த தமிழ் எழுத்து அந்த அளவில் எறும்பு ஊர்வதுபோல் ஆகிவிடும். இன்னும் சில தளங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு வாடிக்கையாளர் போனில் இருக்காது. அவருக்குத் தெரிவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல், கூகுளுக்குத் தெரிவதும் அதே குவியல். கடலை மிட்டாய் என்று தேடினால் அந்தக் கடை எப்படி வரும்? யூனிகோடில் எழுதினால்தான் வரும். விலைப்பட்டியலைப் படமாகப் போட்டிருப்பார்கள், போன் நம்பரும் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கும்; விரலால் தொட்டால் அழைப்பு போகாது, நம்பரை மனப்பாடம் செய்துதான் அடிக்க வேண்டும். பணம் கட்டுமிடத்தில் க்யூஆர் மட்டும் இருக்கும். கடையில் தொங்கும் அட்டைக்கு அது சரி. போனில் பக்கத்தைப் பார்க்கிறவர், தன் போனில் தெரிகிற க்யூஆரைத் தன் போன் கேமராவால் எப்படிப் பிடிப்பார்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆப்பைத் திறந்து, அதில் ஏற்றித்தான் கட்ட முடியும். தொட்டவுடன் யுபிஐ ஆப்புக்குப் போகிற ஒரு பொத்தான் வைத்திருந்தால் அந்தப் பாடு இல்லை. கேமராவில் எடுத்த படத்தை மூன்று நான்கு எம்பி கனத்தோடு அப்படியே ஏற்றியிருப்பார்கள். மேல் பெர்த் அண்ணாச்சியின் சிக்னலில் அது திறப்பதற்குள் ரயில் சாத்தூரைத் தாண்டிவிடும். அவர் கோபித்துக்கொள்ளக்கூட மாட்டார். பின்னால் போய் அடுத்த கடையைத் தொடுவார். நமக்கு ஒரு விற்பனை போனதே தெரியாது. 2024 ஜூலையிலிருந்து, செல்போனில் திறக்கவே முடியாத தளத்தைத் தன் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை என்று கூகுள் முடிவெடுத்துவிட்டது.

இதற்கு வருகிற மறுப்புகளில் பலமானது ஒன்று உண்டு. அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். "வாட்ஸ்அப் இருக்கிறது, இன்ஸ்டாகிராம் இருக்கிறது, காசு செலவில்லாமல் வியாபாரம் நடக்கிறது, வெப்சைட் எதற்கு?" வாட்ஸ்அப்பை விடச் சொல்லவில்லை. தெரிந்த வாடிக்கையாளரோடு பேச அதைவிட நல்ல வழி இன்று இல்லை. ஆனால் அது நமக்குச் சொந்தமா? 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அரசின் காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அதை மட்டும் நம்பிப் பொருளைக் காட்டிவந்தவர்கள் சேர்த்துவைத்த கூட்டம் அத்தோடு கலைந்தது. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுவதும் ஆறு மணி நேரம்போல் நின்றன. இதையெல்லாம்விட எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. சிறுகடைக்காரர்களுக்கு இலவசமாக வெப்சைட் தருகிறோம் என்று கூகுள் கொடுத்தது. கடை விவரத்தை நிரப்பினால் ஒரு பக்கம் உருவாகும். விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் உண்டு, பில் புத்தகத்தில் அச்சடித்தவர்கள் உண்டு. 2024 மார்ச்சில் அந்தத் தளங்களை நிறுத்தினார்கள். சில மாதம் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள், அப்புறம் அதுவும் இல்லை. அச்சடித்த கார்டு கையில் இருக்க, முகவரி செத்துப்போனது. இலவசமாகக் கொடுத்தவர் எடுத்துக்கொள்வதைக் கேட்க நமக்கு எந்த உரிமையும் கிடையாது. சொந்தப் பெயரில் வாங்கிய டொமைனுக்கு அந்த ஆபத்து இல்லை; ஹோஸ்டிங் கம்பெனியை மாற்றினாலும் முகவரி நம்மோடு வரும்.

பெரிய ஆன்லைன் அங்காடிகளில் விற்கிறோமே என்பது இன்னொரு பதில். விற்கட்டும், தாராளமாக விற்கட்டும். அங்கே நம் மிட்டாய்க்குப் பக்கத்திலேயே வேறு பத்துப் பேர் மிட்டாய் நிற்கும், கமிஷன் போகும், வாங்கியவர் யார் என்பது அங்காடியிடமே தங்கும். 2020-இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான், கைதட்டுங்கள், இந்த ஊரின் உழைப்புக்குக் கிடைத்தது அது. ஆனால் சட்டம் பெயரைக் காக்கும். உண்மையான கடை எது என்று வாங்குபவரிடம் போய்ச் சொல்லாது. கரிசல் நிலக்கடலை, வெல்லப்பாகு, அதன் பக்குவம், எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எந்தத் தெருவில் செய்கிறோம் என்பதைச் செய்தவரே தன் பக்கத்தில் சொன்னால்தான் போலிக்கும் அசலுக்கும் வேறுபாடு தெரியும். உள்ளூர் வாடிக்கையாளர்தான் எங்களுக்கு, அவருக்கு எதற்கு இதெல்லாம் என்பவர்களுக்கும் சொல்கிறேன்: ஆடி அமாவாசைக்குக் கடை உண்டா இல்லையா என்று பார்க்க உள்ளூர்க்காரரும் இப்போது போனைத்தான் எடுக்கிறார். வயதானவர்களுக்கு வராது என்கிறார்கள்; கம்ப்யூட்டரைத் தொடாத பெரியவர்கள் பலர் போனில் மைக்கை அழுத்தித் தமிழில் கேட்கிறார்கள்.

செலவு என்ற மறுப்பு வரும்போது எனக்கு உண்மையில் கோபம் வருகிறது, கடைக்காரர்கள் மேல் அல்ல. சுட்டுக்கொண்ட பிறகுதான் அவர்கள் தயங்குகிறார்கள். லேப்டாப்பைத் திறந்து பளபளவென்று ஒரு பக்கத்தைக் காட்டி, முன்பணம் வாங்கிப் போன கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் பெயரைச் சொல்லி இந்த மேடையை அழுக்காக்க மாட்டேன். லேப்டாப்பில் காட்டினார்களே, ஒருமுறையாவது சாதாரண போனில் திறந்து காட்டினார்களா? டொமைனைத் தங்கள் பெயரில் பதிந்துகொண்டார்கள். பாஸ்வேர்டைக் கொடுக்கவில்லை. மறு ஆண்டு புதுப்பிக்க அவர்கள் சொன்னதே விலை. கொடுக்காதவர் தளம் மறைந்தது. உழைத்துச் சேர்த்த காசு அது! ஒரு .இன் முகவரிக்கு ஆண்டுக்குப் பொதுவாக ஆயிரம் ரூபாய்க்குள்தான் ஆகும். சின்னக் கடைக்கு இருபது பக்கம் தேவையில்லை. ஒரே பக்கம் போதும். மேலே கடைப் பெயர், தொட்டால் அழைப்பு போகிற நம்பர், வாட்ஸ்அப் பொத்தான், மேப், நேரம், கனம் குறைத்த நான்கைந்து படம், எழுத்தாகத் தட்டச்சிட்ட விலை. தளம் போட்ட மறுநாளே கூட்டம் வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். விலை மாறும்போது அங்கேயும் மாற்ற வேண்டும், பண்டிகைக்கு முன் படம் புதிதாக வேண்டும். அந்த உழைப்பு இல்லாமல் எதுவும் நிற்காது. ஆனால் கடைப் பலகைக்கு வண்ணம் அடிக்க ஆண்டுதோறும் செலவழிக்கிறவர்களுக்கு இது தாங்காத செலவில்லை.

வணிகர் சங்கத்துக்கு என் கோரிக்கை இதுதான். இன்று இரவே உறுப்பினர்கள் தங்கள் தளத்தை, வீட்டில் இருப்பதிலேயே விலை குறைந்த போனில், வைபையை அணைத்துவிட்டுத் திறந்து பார்க்கட்டும். தளம் இருக்கிற எல்லோரும் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வேறொருவர் பெயரில் இருந்தால், புதுப்பிக்கும் தேதி வருவதற்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மாற்ற மறுப்பவர்களிடம் தனியாகப் போகாதீர்கள், சங்கமாகப் போங்கள்.