அடுப்பும் எரிய வேண்டும், மனுவும் எழுத வேண்டும்!

(முதியோர் உதவிச் சங்கத்தின் பொதுக்குழுவில் அதன் பொருளாளர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பொருளாளர் பேச எழுந்தால் பாதிப்பேர் டீ குடிக்கப் போவது நம் சங்கத்தில் வழக்கம். இன்று யாரும் எழுந்து போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் இன்றைக்கு நான் கணக்கை மட்டும் வாசிக்க வரவில்லை. நம் சங்கம் எந்த வழியில் போவது என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டிய நாள் இது.

சென்ற வாரம் மதியப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஒரு ஆத்தா என் கையைப் பிடித்தார். நாற்பது வருஷம் பிறத்தியார் வயலில் நாற்று நட்டு, களையெடுத்து, கதிரறுத்த கை. “ஏன் கண்ணு, அடுத்த மாசமும் அடுப்பு எரியுமா?” என்று கேட்டார். “எரியும் ஆத்தா” என்று சொன்னேன். நான்தான் சொன்னேனே தவிர, என் கக்கத்தில் இருந்த கணக்கு நோட்டு அப்படிச் சொல்லவில்லை. கையிருப்பு இரண்டு மாசத்துக்குத்தான் வரும்.

அதனால்தான் கணக்கு என்றால் என்னவென்று இன்று பேசியாக வேண்டும்.

செலவு எங்கே போகிறது?

சுலபமாகப் புரிவதற்கு முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். 30 முதியவர்கள். ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு 40 ரூபாய். ஒரு நாளைக்கு 1,200. மாசத்துக்கு 26 நாள் என்றால் 31,200 ரூபாய். சமையல் செய்யும் இரண்டு பெண்களுக்கு 15,000. வாடகை, காஸ், கரண்ட் எல்லாம் சேர்த்து 6,000. பாத்திரம், ரிப்பேர், தணிக்கைச் செலவுக்கு 1,800. ஆகக் கூடி மாசம் 54,000 ரூபாய்.

இதைக் கேட்டதும் ஒரு தோழர் சென்ற கூட்டத்தில் எழுந்து, “தருமக் காரியத்துக்குச் சம்பளம் எதற்கு?” என்றார். நான் அவரைக் கேட்கிறேன்: சமைக்கிற அந்த இரண்டு பெண்களும் யார்? மில்லில் பதிலியாக நின்று ஆட்குறைப்பில் வெளியே வந்தவர்கள். நமக்குக் கூலி வேண்டும் என்று கொடி பிடிக்கிறோம். நம் அடுப்படியில் நிற்கிறவருக்கு மட்டும் கூலி வேண்டாமா? கூலி கொடுக்காமல் நடத்தும் தருமம் இன்னொருத்தர் வயிற்றில் அடித்து நடத்தும் தருமம்.

வரவு எப்படி வருகிறது?

நன்கொடை என்பது ஐப்பசி மழை மாதிரி. வந்தால் கொட்டும், இல்லாவிட்டால் பொட்டுக்கூட விழாது. தீபாவளிக்கு ஒரே நாளில் மூன்று பேர் சாப்பாடு போட வருவார்கள். பெற்றோர் திதி, பிள்ளை பிறந்த நாள் என்று தை மாசத்தில் வரிசை நிற்கும். ஆடியில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. முதியவருக்குப் பசி மட்டும் பன்னிரண்டு மாசமும் வருகிறது.

இன்னொன்றும் பாருங்கள். சேலை கொடுக்க ஆள் உண்டு. எவர்சில்வர் தட்டு வாங்கித் தந்து அதில் பெயர் வெட்டிக்கொள்ள ஆள் உண்டு. மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் குடும்பப் பெயரை எழுதித் தர ஆள் உண்டு. விசிறி சுற்றுவதற்கான கரண்ட் பில்லைக் கட்ட ஆள் இல்லை! காஸ் சிலிண்டரில் யார் பெயரை எழுதுவது? வாடகைச் சீட்டில் யார் படத்தைப் போடுவது? கண்ணுக்குத் தெரிகிற செலவுக்குப் பணம் வரும். கண்ணுக்குத் தெரியாத செலவில்தான் சங்கங்கள் மூழ்கிப் போகின்றன.

மேலும், சேலைக்கென்று தந்த பணத்தை எடுத்து வாடகை கட்டக் கூடாது. எதற்கென்று தந்தாரோ அதற்கே செலவழிப்பதுதான் நாணயம். ஆகவே பெட்டியில் பணம் இருக்கும்போதே அடுப்பு அணைந்து போவதும் உண்டு. இதைப் புரிந்துகொண்டால் கணக்கில் பாதி புரிந்த மாதிரி.

வரிச் சலுகையைக் காட்டி நன்கொடை வாங்கலாமே என்கிறார்கள். 80ஜி என்று எல்லோரும் சொல்லிப் பழகிய சலுகை அது. பதிவு பெற்ற சங்கத்துக்குத் தந்த நன்கொடையில் பாதியை, பழைய முறையில் வரி கட்டுகிறவர் தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அதுவும் கிடையாது. புதிய வரி முறைக்குப் போனவருக்கு இந்தக் கழிவே இல்லை. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத நமக்கு இதனால் ஒரு பைசா லாபமும் இல்லை. நாம் கொடுப்பது மனசால் கொடுப்பதுதான்.

வெளிநாட்டுப் பணம் நமக்கு எட்டாத கனி. 2010ஆம் வருஷத்துச் சட்டத்தை 2020இல் இன்னும் இறுக்கினார்கள். டில்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே கிளையில்தான் அந்தப் பணம் வந்து சேர வேண்டும். வாங்கிய சங்கம் இன்னொரு சங்கத்துக்குப் பகிர்ந்து தரவும் கூடாது. சின்ன ஊர்ச் சங்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பதே நல்லது.

வந்திருக்கும் ஒரு லட்சம்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் வட்டாரத்து மில் நிர்வாகம் ஒன்று நமக்கு ஒரு லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறது. பெயர் வேண்டாம். கடிதத்தில் நிபந்தனை எதுவும் இல்லை. கடிதத்தைக் கொண்டுவந்த மனிதர் வாயால் ஒன்று சொன்னார்: “சாப்பாடு போடுங்கள், ரொம்ப நல்ல காரியம். ஞாயிற்றுக்கிழமை அந்த மனு எழுதுகிற மேஜையை மட்டும் எடுத்துவிடுங்கள்.”

அந்த மேஜை எதற்கு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ரிட்டயரான தொழிலாளிக்குப் பணிக்கொடை வரவில்லையா, அங்கே மனு எழுதுகிறோம். பி.எப். பென்ஷனில், மில் ரிக்கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று நின்றுபோனதா, அங்கே சரிசெய்கிறோம். உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் சான்று தர வேண்டும். நூலிலும் மண்வெட்டியிலும் தேய்ந்துபோன விரலின் ரேகையை மிஷின் ஏற்க மறுக்கிறது. அவர்களைக் கைபிடித்து ஆபீசுக்கு அழைத்துப் போகிறோம்.

நிர்வாகக் கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. “முதலில் வயிறு, அப்புறம்தான் மனு. பணத்தை வாங்குவோம்” என்றார்கள் சிலர். அவர்களைத் துரோகிகள் என்று நான் சொல்ல மாட்டேன். பந்தியில் அந்த ஆத்தாவின் முகத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். நானும் இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை உங்கள் முன் வைக்கிறேன்.

மேஜையின் கணக்கு

பணிக்கொடைக்கு 1972ஆம் வருஷத்துச் சட்டம் சொன்ன கணக்கு என்ன? கடைசியாக வாங்கிய மாசச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருஷத்தால் பெருக்க வேண்டும். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 ரூபாய் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 500. பதினைந்து நாளைக்கு 7,500. இருபது வருஷ சர்வீசுக்கு 1,50,000 ரூபாய்!

தோழர்களே, தெரிகிறதா? ஒரே ஒரு தொழிலாளிக்கு வர வேண்டிய பணிக்கொடை ஒன்றரை லட்சம். அந்த மேஜையை எடுக்க நமக்குத் தருவது ஒரு லட்சம். ஒரு ஆளின் பாக்கியில் மூன்றில் இரண்டு பங்கைத் தருமம் என்று கொடுத்துவிட்டு, எல்லா ஆட்களின் பாக்கியையும் மறக்கச் சொல்கிறார்கள். வியாபாரம் தெரிந்தவர்கள்!

சர்க்கார் பென்ஷனைப் பாருங்கள். நம் ராஜ்யத்தில் முதியோர் பென்ஷன் 1962இல் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாசம் 1,200 ரூபாய் ஆனது. நம் மேஜை 20 பேருக்கு இதை வாங்கித் தந்தால், அவர்கள் கைக்கு மாசம் 24,000. வருஷத்துக்கு 2,88,000 ரூபாய். ஒரு பேனா, ஒரு மேஜை, நான்கு தோழர்களின் ஞாயிற்றுக்கிழமை, இவ்வளவுதான் செலவு. எந்த நன்கொடையாளர் வருஷா வருஷம் இவ்வளவு தருவார்?

அதோடு, கையில் பென்ஷன் வாங்கும் முதியவருக்கு வீட்டில் மரியாதை உண்டு. பேரனுக்கு முறுக்கு வாங்கித் தர முடிகிறது. இந்த மரியாதையை எந்தப் பந்தியிலும் பரிமாற முடியாது.

சர்க்காரின் கடமை

“அப்படியானால் சாப்பாட்டை நாம் ஏன் போட வேண்டும், சர்க்கார் போடட்டுமே” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதுமையில் பொது உதவி தருவது ராஜ்யத்தின் பொறுப்பு என்று அரசியல் சட்டத்தின் 41வது ஷரத்து சொல்கிறது. ஆனால் “பொருளாதார வசதிக்கு உட்பட்டு” என்று ஒரு வாலும் சேர்த்திருக்கிறது. 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டம், ஜில்லாவுக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியவர் தங்கும் இல்லம் அமைப்பது பற்றிப் பேசுகிறது. அங்கேயும் “அமைக்கலாம்” என்றுதான் எழுதியிருக்கிறதே தவிர, “அமைத்தே தீர வேண்டும்” என்று இல்லை. மத்திய சர்க்கார் முதியோர் பென்ஷனை 1995இல் 75 ரூபாயில் தொடங்கியது. பிறகு 200 ஆக்கியது. 200 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு ஏழு ரூபாய்கூட இல்லை! பி.எப். பென்ஷனுக்கு 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். மில்லில் ஆயுளைத் தேய்த்தவனுக்கு ஆயிரம்!

1983இல் முதியோர் பென்ஷன் வாங்குவோருக்கும் சத்துணவுக்கூடத்தில் மதியச் சாப்பாடு என்று சர்க்காரே விரிவுபடுத்தியது. ஆக, முடியாத காரியமல்ல. கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்குத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்புக்காகத்தான் நம் அடுப்பு. அடுப்பு இல்லாமல் மேஜை மட்டும் இருந்தால், பசித்தவன் மனு எழுதும்வரை காத்திருக்க முடியாது. மேஜை இல்லாமல் அடுப்பு மட்டும் இருந்தால், நாம் சாகும்வரை சோறு போட்டுக்கொண்டே இருப்போம், பாக்கி வைத்தவன் சந்தோஷமாக இருப்பான். இரண்டும் வேண்டும்.

முதலாளி பணத்தைத் தொடவே கூடாதா?

நான் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பணமும் நம் உழைப்பில் விளைந்ததுதான். பெரிய கம்பெனிகளுக்கு 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டமே ஒரு கடமையை விதித்திருக்கிறது. நிகர லாபம் 5 கோடியைத் தாண்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியத்துக்குச் செலவழிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் முதியோர் இல்லமும், முதியோர் பகல் பராமரிப்பும் இருக்கின்றன. சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வள்ளல் பட்டம் கேட்கக் கூடாது.

பணம் வரட்டும், ரசீது கொடுப்போம், நன்றியும் சொல்வோம். சங்கம் எதைச் செய்ய வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அந்தப் பணத்தோடு வரக் கூடாது.

என் யோசனைகள்

ஐந்து யோசனைகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

முதலாவது, எந்த நன்கொடையானாலும் நிபந்தனை எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்க வேண்டும். அந்த மில் நிர்வாகத்துக்கும் இதையே எழுதுவோம். எழுதித் தந்தால் வாங்குவோம். இல்லையென்றால் வணக்கம் சொல்லித் திருப்புவோம்.

இரண்டாவது, ஒரே கையிலிருந்து வரும் பணம் வருஷ வரவில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு தூணில் நிற்கும் பந்தல் ஒரு காற்றுக்குத் தாங்காது.

மூன்றாவது, சந்தா. 600 தொழிலாளர் மாசம் 50 ரூபாய் தந்தால் 30,000 ரூபாய். கிராமத்திலிருந்து பணம் வேண்டாம், அறுவடைக் காலத்தில் பிடியரிசி வரட்டும். ஒருவருக்கு 150 கிராம் வீதம் 30 பேருக்கு மாசம் 117 கிலோ அரிசி. கிலோ 40 ரூபாய் என்றாலும் 4,680 ரூபாய்ச் செலவு மிச்சம். வேலையில்லாத மாசங்களில் விவசாயத் தொழிலாளி வீட்டுக் கதவை யாரும் தட்டக் கூடாது. ஆக 54,000இல் சுமார் 19,000தான் வெளியிலிருந்து தேட வேண்டியிருக்கும். அது நடக்கிற காரியம்.

நான்காவது, மூன்று மாசச் செலவை எப்போதும் பாங்கில் ஒதுக்கி வைக்க வேண்டும். இதைச் சேர்க்க இரண்டு வருஷம் ஆகலாம். ஆனாலும் இந்த மாசமே தொடங்குவோம்.

ஐந்தாவது, மாசம் முதல் ஞாயிறு அன்று வரவு செலவைப் பந்தி நடக்கும் இடத்தில் கரும்பலகையில் எழுத வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். சாப்பிடுகிறவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. முதியவர்களில் இரண்டு பேரை, அதில் ஒருவர் பெண்ணாக, நிர்வாகக் கமிட்டியில் சேர்க்க வேண்டும். என் கணக்கில் தப்பு இருந்தால் அவர்கள்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

தோழர்களே! இந்த 30 பேரும் நமக்கு அன்னியரல்ல. நீங்கள் இன்று நிற்கும் மிஷினில் நேற்று நின்றவர்கள். நீங்கள் இன்று இறங்கும் வயலில் நேற்று இறங்கியவர்கள். எட்டு மணி நேர வேலையும், வார லீவும், கூலி உயர்வும் அவர்கள் அடிபட்டு வாங்கித் தந்தவை. நாளைக்கு அந்தப் பந்தியில் நாமும் உட்காரலாம். அப்போது நமக்குச் சோறு போடுகிறவர்கள், நாம் இன்று எதை விற்றோம், எதைக் காத்தோம் என்று கேட்பார்கள்.

நாளை மதியம் அந்த ஆத்தா மறுபடியும் என் கையைப் பிடிப்பார். “எரியும் ஆத்தா, ஞாயிற்றுக்கிழமை மேஜையும் இருக்கும்” என்று சொல்ல எனக்கு ஆசை. அதைச் சொல்லும் தைரியத்தை எனக்குத் தருவது உங்கள் கையில் இருக்கிறது. தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள்!