மளிகைக் கடைக்காரர் வெர்னன் டேமர்
(கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் நம் முன்னோடிகளைப் போற்றிப் பேசுவதே மரபு. பண்டிதர் அயோத்திதாசரையும், இரட்டைமலை சீனிவாசனாரையும், அண்ணல் அம்பேத்கரையும் பற்றி நமக்கு முன் பேசியோர் நிறைவாக எடுத்துரைத்தார்கள். நாம் கடல் கடந்த ஒருவரை இன்று நினைவுகூர எண்ணுகிறோம். அவர் பேராசிரியர் அல்லர், வழக்கறிஞரும் அல்லர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மளிகைக் கடை நடத்திப் பிழைத்தவர். அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்தில் வாழ்ந்த வெர்னன் டேமர் என்னும் கறுப்பினப் பெரியார் அவர்.

அயல்நாட்டார் ஒருவருக்கு இம்மேடையில் என்ன வேலை என்று எவரும் கேட்க வேண்டுவதில்லை. 1873ஆம் ஆண்டில் மகாத்மா புலே தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். 1946ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். இந்த உறவு பழைய உறவு.

டேமர் 1908ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் ஹாட்டீஸ்பர்க் நகரை அடுத்த கெல்லி குடியிருப்பில் பிறந்தார். மளிகைக் கடையோடு மரம் அறுக்கும் பட்டறையும், மரம் இழைக்கும் பட்டறையும், பருத்தி விளையும் நிலமும் நாளடைவில் அவருக்கு அமைந்தன. தம் தேவாலயத்தில் இசைக் குழுவை நடத்தினார். ஞாயிறு தோறும் சிறுவர்க்குப் பாடம் சொன்னார். அவருடைய தோல் நிறம் வெளுப்பு. வேற்றூர் சென்று வெள்ளையர் என்று சொல்லிக்கொண்டிருந்தால் நம்பியிருப்பார்கள். அவர் அதைச் செய்யவில்லை.

அந்நாளைய மிசிசிப்பியில் வெள்ளையர் நிலத்தை வாரத்துக்கு உழுத கறுப்பர், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சென்றார் என்று தெரிந்தால் போதும். நிலம் போகும், குடியிருந்த குடிசையும் போகும், கடையில் பற்றுக் கணக்கும் நின்றுவிடும். இவையெல்லாம் நம் அவையோர்க்கு விளக்கம் தேவைப்படாத செய்திகள். டேமரோ தம் கையால் ஈட்டித் தம் சோற்றை உண்டவர். அவரை வேலையிலிருந்து நீக்க ஓர் எசமான் இல்லை. அந்த உரிமையைத் தம் குடும்ப நலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஊருக்குப் பயன்படுத்தியதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. நிறத்தவர் முன்னேற்றத் தேசியச் சங்கத்தின் வட்டாரத் தலைவராக விளங்கினார். 1962ஆம் ஆண்டில், வாக்காளர் பதிவுக்காக வந்த இளைஞர் இருவருக்குத் தம் இடத்தில் தங்க வைத்துச் சோறிட்டு, பட்டறையில் வேலையும் கொடுத்தார்.

அக்காலத்தில் பெயர் பதிவதற்கு ஒரு தேர்வு இருந்தது. மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை எடுத்துக் கொடுத்துப் பொருள் எழுதச் சொல்வார்கள். விடை சரியா தவறா என்று தீர்ப்பவர் பதிவு அலுவலர் ஒருவரே. அந்த மாவட்டத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற கறுப்பின ஆசிரியரும் தேறவில்லை! கல்விக் கழகத்தின் மேடையில் நின்று இதைச் சொல்ல நமக்குச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. படித்தால் கதவு திறக்கும் என்று கால் நூற்றாண்டாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். படித்தவனுக்கும் கதவைச் சாத்துவதற்குப் படிப்பையே தாழ்ப்பாளாகப் பயன்படுத்திய வரலாறும் உண்டு. நம் நாட்டிலும் 1919, 1935ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி சொத்தும் வரியும் படிப்பும் உடையவர்க்கே வாக்கு. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு வேண்டுமென்று 1928ஆம் ஆண்டிலேயே சைமன் குழுவிடம் அண்ணல் வாதாடினார். 1950இல்தான் அது அரசியல் சட்டத்தில் ஏறியது.

அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் வந்த வாக்குரிமைச் சட்டம் அத்தேர்வை நிறுத்தியது. ஆனால் மாநிலத் தேர்தலில் வாக்களிக்க 2 டாலர் தலைவரி கட்ட வேண்டும் என்ற விதி மிசிசிப்பியில் அப்போதும் எஞ்சியிருந்தது. பருத்திக் காட்டுக் கூலியாளுக்கு அது சிறு தொகை அன்று. தொகையைவிட, அதைக் கட்டுவதற்கு அரசு அலுவலகப் படி ஏற வேண்டுமே என்ற அச்சம் பெரிது. டேமர் ஒரு வழி கண்டார். 1966ஆம் ஆண்டு சனவரியில், தலைவரியைத் தம் கடையிலேயே கட்டலாம் என்றும், இயலாதவர்க்குத் தாமே கட்டுவதாகவும் வானொலி வழியே அறிவித்தார். அலுவலகத்துக்குப் போக நடுங்கியவர்களும், மாவும் உப்பும் வாங்க நாள்தோறும் வரும் கடைக்கு அஞ்சாமல் வருவார்கள் அல்லவா?

பகைவர்க்கும் அது புரிந்தது. பல ஆண்டுகளாக மிரட்டல் வந்ததால் கணவனும் மனைவியும் முறை வைத்து இரவில் விழித்திருந்த வீடு அது. சனவரி 10ஆம் நாள் விடியுமுன், கூ கிளக்சு கிளான் கூட்டத்தார் கார்களில் வந்து வீட்டுக்கும் கடைக்கும் பெட்ரோல் வீசித் தீயிட்டனர். டேமர் துப்பாக்கியோடு முன்புறம் நின்று எதிர்த்துச் சுட்டார். அதற்குள் துணைவியார் எல்லி அம்மையார் பிள்ளைகளைப் பின்புறமாக வெளியேற்றினார். பத்து வயது மகளுக்குத் தீக்காயம். நெருப்பை உள்ளிழுத்து நுரையீரல் வெந்துபோன டேமர் அன்றே மருத்துவமனையில் உயிர் துறந்தார். வாக்களிக்காதவன் கணக்கில் வராதவன் என்பது அவர் வழக்கமாகச் சொல்லி வந்த சொல். அதுவே அவர் கல்லறையிலும் பொறிக்கப்பட்டது.

அவருடைய மைந்தர் நால்வர் அப்போது அமெரிக்கப் படைகளில் பணியாற்றிக்கொண்டிருந்தார்கள். சீருடையோடு வந்து எரிந்த வீட்டின் சாம்பலைப் பார்த்து நின்ற அவர்களின் படம் இன்றும் காணக் கிடைக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தபின் நமக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை.

அதே ஆண்டு மார்ச்சில் தலைவரி செல்லாதென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொலைக்கு ஆணையிட்ட சாம் பௌவர்சு நான்கு முறை விசாரணைக்கு வந்தும், நடுவர்கள் ஒருமித்த முடிவுக்கு வராமையால் தப்பினான். 1998ஆம் ஆண்டில்தான், 32 ஆண்டுகள் கழித்து, ஆயுள் தண்டனை பெற்றான். நீதி தாமதமாவது நமக்குப் புதிதன்று. 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் அவர்களும் உடனிருந்தோரும் வெட்டுண்டபின் நாம் எத்தனை நீதிமன்றப் படிகளைப் பார்த்தோம்!

எல்லி அம்மையார் 1992ஆம் ஆண்டில் அதே மாவட்டத்தின் தேர்தல் ஆணையராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2020ஆம் ஆண்டில் ஹாட்டீஸ்பர்க் நீதிமன்றத்தின் முன் டேமருக்குச் சிலை வைத்தார்கள்.

இம்மண்டபத்தில் தையற்கடை, தேநீர்க் கடை, மிதிவண்டிக் கடை, செருப்புக் கடை நடத்தும் நம்மவர் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். கழகத்தின் உதவித்தொகைப் படிவத்தைப் பெற அலுவலகப் படியேறக் கூச்சப்படும் தாய்மார்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நாள்தோறும் வருவது உங்கள் கடைக்கு. வரும் கல்வியாண்டு முதல் அப்படிவங்களைக் கடைக்கு ஒரு கட்டாகக் கொடுத்துவைக்கச் செயற்குழு இசைய வேண்டும். இசைந்தால், இன்று கூட்டம் முடிந்ததும் கடைக்காரர்களின் பெயர்களை வாயிலருகே நாமே எழுதிக்கொள்கிறோம்.