மலைநாட்டு மாணாக்கரும் கைப்பேசிக் குழுவும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கலாசாலையில் ரசாயனம் முதலிய சாஸ்திரங்களைப் பயிலும் நம் பிள்ளைகள், பாடத்தின் பொருட்டு வாட்ஸ்அப் போன்ற சாதனங்களைக் கையாளலாமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். பெரியோர் பலர் இதனை அஞ்சுகின்றனர். அவ்வச்சம் காரணமற்றதன்று. 2022-ம் வருஷம் ஜூலை மாதம் 17-ந் தேதி, நம் சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் ஒரு பள்ளிக்கூடம் சூறையாடப்பட்டு, அதன் பேருந்துகளும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் தீக்கிரையாயின. கூட்டம் திரண்டதில் கைப்பேசிக் குழுக்களுக்குப் பங்குண்டென்று போலீசார் அவற்றை நடத்தியோர் சிலரைக் கைது செய்தனர். இதனைக் கண்ட ஒரு தகப்பனார், "என் பெண்ணுக்கு இது எதற்கு?" என்று வினவினால் அவரை நகைத்தல் நியாயமாகாது.

ஆயினும், கல்வராயன் மலைமேல் வாழும் மாணாக்கனை எண்ணிப் பாருங்கள். வெள்ளிமலைக்கும் அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வருபவன், ஒருநாள் பேருந்து தவறினால் செய்முறை வகுப்பொன்றை இழக்கிறான். 2020-ல் கொள்ளைநோயால் கலாசாலைகள் மூடப்பட்டபோது நேரலை வகுப்புகள் நடந்தன. அலை எட்டாத ஊரார்க்கு அவற்றால் விளைந்த பயன் சொற்பமே. நேரலை, அலை உள்ள கணத்தில் மாத்திரம் கிடைப்பது. குழுவில் இட்ட செய்தியோ, அவன் அலை கிடைக்கும் மேட்டுக்கு வரும்வரை காத்திருந்து வந்து சேரும். ஒரு நிமிஷக் காணொளி பல மெகாபைட் பிடிக்குமிடத்து, அதே அளவு குரற்பதிவு சில நூறு கிலோபைட்டில் அடங்கிவிடும். ஆகவே மலைப்பிள்ளைகளுக்கு ஆசிரியர் அனுப்பத்தக்கது குரலும் படமுமே.

தரம் பார்த்தல் என்னும் சோதனையைக் கொள்வோம். அமிலத்தில் பினால்ப்தலீன் சேர்த்து, பியூரெட்டிலிருந்து காரத்தைத் துளிதுளியாய் விடுகையில், நிறமற்ற கரைசல் வெளிறிய இளஞ்சிவப்பாகி நிற்பதே முடிவுநிலை. சிறிது மிஞ்சினாலும் நிறம் அடர்ந்து கணக்குப் பிழைக்கும். எவ்வளவு வெளிறியது என்பதைப் புத்தகம் எழுத்தால் காட்டமாட்டாது. சரியான நிறமும் தவறான நிறமும் அருகருகே உள்ள ஒரு படம் காட்டும். பள்ளியில் தமிழில் பயின்று கலாசாலையில் இங்கிலீஷில் திகைக்கும் பிள்ளைக்கு, அதனோடு ஆசிரியரின் தமிழ்க்குரலும் சேர்ந்தால் பாதிப் பயம் நீங்கும். துளியை நிறுத்தும் கைப்பழக்கம் மட்டும் ஆய்வுக்கூடத்திலன்றி வராது.

மலைப்பிள்ளை பெறுபவனாக மட்டும் இருக்க வேண்டுவதில்லை. கடுக்காய் ஊறிய நீரில் அன்னபேதிக் கரைசலைச் சேர்த்தால், காற்றுப் படப்படக் கறுத்து மையாகும். காயிலுள்ள டானின் இரும்போடு கூடுவதன் விளைவு அது. நம் முன்னோர் மை செய்த வழியும் இதுவே. தன் மலையில் விளையும் கடுக்காயைக் கொண்டு அவன் இதனைச் செய்து படமனுப்பினால், சமவெளிப் பிள்ளைகள் அவனிடம் கேட்டுக் கற்பார்கள்.

பெண்மக்கள் விஷயத்தில் ஒன்று கூறவேண்டும். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவர் எண்ணும் மற்றெல்லார்க்கும் தெரியும். டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம். வாட்ஸ்அப் சமூகத்தின் அறிவிப்புக் குழுவிலும் நடத்துபவர்க்கன்றிப் பிறர்க்கு எண் தெரியாது. பெற்றோர், கைப்பேசியைப் பறிப்பதற்கு முன், எண் மறைந்துளதா, குழுவை நடத்துபவர் ஆசிரியர்தாமா என்று விசாரித்தல் நலம்.

நம் ஜாதிப் பிள்ளைகளுக்கென்று தனிக்குழு அமைக்கலாமென்பது சில அன்பர்களின் யோசனை. அது எனக்குச் சம்மதமன்று. ஒரே மேசையில் நின்று சோதனை செய்யும் பிள்ளைகளைக் கைப்பேசியில் பிரித்து வைப்பானேன்? சங்கம் செய்யத்தக்கது வேறுளது. உதவிச் சம்பள நிதியிலிருந்து, மலையிலிருந்து வரும் மாணாக்கர்க்கு, அவர் எவ்வகுப்பினராயினும், மாதாந்தரக் கைப்பேசிக் கட்டணத்தைக் கொடுக்கலாம். அத்தீர்மானத்தை இக்கூட்டத்திலேயே ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளுமாறு அக்கிராசனர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.