இரண்டு பத்தி போட்டவர்

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஐந்து நிமிடம்தான் என்று செயலாளர் சொல்லிவிட்டார். வங்கியில் காலமெல்லாம் கணக்குப் பார்த்தவன் நான். நேரக் கணக்கும் தப்பாது.

மும்பைக் கிளையில் வேலை பார்த்தபோது, ஜனவரி 6 அன்று அங்கே பத்திரிகையாளர் தினம் கொண்டாடுவார்கள். யாருடைய நினைவாக என்று சக ஊழியரிடம் கேட்டேன். "பாலசாஸ்திரி ஜாம்பேகர்" என்றார். அன்று தொடங்கி அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

கொங்கணப் பகுதியில் போம்புர்லே என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே சம்ஸ்கிருதம் படித்துத் தேறினார். பிறகு பம்பாய் வந்து ஆங்கிலமும் கணிதமும் கற்றார். எல்ஃபின்ஸ்டன் கல்வி நிலையத்தில் ஆசிரியராகவும் இருந்தார். 1832 ஜனவரி 6 அன்று, இருபது வயதை ஒட்டிய இளைஞராக, 'தர்ப்பண்' பத்திரிகையைத் தொடங்கினார். நம் அமாவாசைத் தர்ப்பணம் இல்லை. இதற்குக் கண்ணாடி என்று பொருள். மராத்தி மொழியின் முதல் செய்தித்தாள் அதுதான்.

அதில் பக்கத்துக்கு இரண்டு பத்தி. ஒன்றில் மராத்தி, மற்றதில் ஆங்கிலம். நம் பேரேட்டில் பற்றும் வரவும் எதிரெதிரே இருக்குமே, அப்படி. நம் மக்கள் நினைப்பதை ஆள்பவர்கள் அறிய ஆங்கிலம். உலக நடப்பை நம் மக்கள் அறிய மராத்தி. முதலில் மாதம் இருமுறை வந்தது, சில மாதங்களில் வார இதழானது. 1840 வரை நடத்தினார்.

படித்த பண்டிதர், தன் படிப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் அப்படி இல்லை. கீதைக்கு மராத்தியில் எழுந்த உரையான ஞானேஸ்வரியை 1845இல் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தார். 1843இல், பாதிரிமார் வீட்டில் தங்கித் திரும்பிய ஒரு சிறுவனை வைதீகர்கள் சாதியில் சேர்க்க மறுத்தார்கள். அவனைச் சேர்க்க வேண்டும் என்று சொந்த சமூகத்தையே எதிர்த்து நின்றார். 1846இல் மறைந்தபோது முப்பதுகளின் நடுவில்தான் இருந்தார்.

இதை இங்கே ஏன் சொல்கிறேன்? போன மாதம் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது பற்றி லிஃப்ட் பக்கத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. எங்கள் தளத்தில் வீட்டு வேலை செய்யும் அம்மா, "சார், இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். படித்துச் சொல்லி முடிப்பதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. அன்று மூன்று வீட்டுப் பாத்திரங்களை அவர் இரவில் வந்து தேய்த்தார். முழுக்க ஆங்கிலத்தில் அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்து ஒட்டியவன் நான்தான்.

இருநூறு வருடத்துக்கு முன் ஓர் இளைஞருக்குத் தோன்றியது, அறுபது தாண்டிய எனக்குத் தோன்றவில்லை. அடுத்த அறிவிப்பிலிருந்து நமக்கும் இரண்டு பத்தி இருக்கட்டும். தமிழ்ப் பத்தியை எழுதித் தருவது என் பொறுப்பு. பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

பொங்கல் ஆறுவதற்குள் சாப்பிடப் போகலாம்.