கொதித்த நீரும் ஆறிய நீரும்

"குடிநீரைக் கொதிக்கவைத்துப் பருகுக" என்னும் அறிவிப்பு, தமிழ்நாட்டில் இருப்பவருக்குத் தமிழிலேயே காதில் விழும். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு அவ்வாறில்லை. தில்லியில் அது 'பானி உபால்கர் பீஜியே' என்று ஒலிக்கும். மும்பையில் 'பாணி உகளூன் ப்யா' என்றும், கொல்கத்தாவில் 'ஜொல் ஃபுட்டியே கான்' என்றும் ஒலிக்கும். அலுவலகம் செல்வோர்க்கு இச்சொற்கள் பழகியிருக்கலாம். பகலில் வீட்டில் இருக்கும் முதியோர்க்கும், ஊரிலிருந்து அண்மையில் வந்தோர்க்கும் இவற்றைச் சொல்லிவைப்பது நம் முதற்கடமை. அறிவிப்பே விளங்காத வீட்டில் அடுப்பு எரிந்து பயனில்லை.

இத்தகைய அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் விடலாகாது என்பதற்குத் தலைநகரின் வரலாறே சான்று. 1955-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப்பின் யமுனை தன் போக்கைச் சற்று மாற்றிக்கொண்டது. அதன் விளைவாக, நவம்பர் மாதத்தில் நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர், வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தை அடைந்தது. நீர்நிலையத்தார் குளோரின் அளவை உயர்த்தினர். டைஃபாய்டு போன்ற நோய்கள் பெருகவில்லை. ஆயினும் டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் ஏறத்தாழ 29,300 பேருக்கு மஞ்சட்காமாலை கண்டது. கல்லீரலைத் தாக்கும் 'ஈ' வகை நச்சுயிரே அதற்குக் காரணம் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. நீர் கெட்டது ஒரு மாதம். நோய் வெளிப்பட்டது அடுத்த மாதம். இந்த இடைவெளியை நேயர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

நிலையத்தில் தூய்மையாக இருக்கும் நீர், வீடு வந்து சேர்வதற்குள் கெடுவதும் உண்டு. நம் நகரங்கள் பலவற்றில் நாளில் சில மணி நேரமே குழாயில் நீர் வருகிறது. ஏனைய நேரம் குழாய் வெறுமையாய்க் கிடக்கையில், விரிசல் வழியே அருகிலுள்ள சாக்கடை நீர் உள்ளே கசியும். தெருக்குழாயுடன் நேரே மோட்டாரை இணைத்து உறிஞ்சும் வீடுகள், அந்தச் சாக்கடையையும் சேர்த்தே இழுக்கின்றன. ஆகவே நீர் வரத் தொடங்கியதும் முதலில் பாய்வதைக் குடிநீராகப் பிடித்தல் கூடாது. அதைக் கழுவுதற்கும் துடைப்பதற்கும் ஒதுக்கிவிடலாம்.

இனி, கொதிக்கவைத்தலைப் பற்றிச் சில சொல்வோம். நீர் கலங்கியிருந்தால் தெளியவிட்டு, தூய துணியை மடித்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். பாத்திரத்தின் அடியில் சிறு குமிழிகள் தோன்றுவது கொதியன்று. நீர் முழுவதும் புரண்டு கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டால் போதும். அதற்கு மேலும் எரிவாயுவைச் செலவிட வேண்டுவதில்லை. சிம்லா போன்ற உயர்ந்த மலை நகரங்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. ஆதலால் அங்கே மூன்று நிமிடம் தேவை. ஒன்று கூறவேண்டும்: கொதி கிருமியைக் கொல்லுமேயன்றி, தொழிற்சாலை இரசாயனத்தை நீக்காது. அறிவிப்பு இரசாயனக் கலப்பைப்பற்றியதாயின் வேறு நீரைத்தான் நாடவேண்டும்.

குடிக்கும் நீரை மட்டும் காய்ச்சிவிட்டு ஏனையவற்றை மறந்துவிடுகிறோம். சாம்பாரும் இரசமும் அடுப்பில் கொதிப்பவை, அவற்றைப்பற்றி அச்சமில்லை. தேங்காய்ச் சட்டினி அரைக்கச் சேர்க்கும் நீர், மோரில் விளாவும் நீர், கொத்துமல்லியை அலசும் நீர், பல் துலக்கிக் கொப்பளிக்கும் நீர், பூசையில் வைத்துத் தீர்த்தமாக அளிக்கும் நீர், இவையெல்லாம் காய்ச்சி ஆறியதாகவே இருத்தல் வேண்டும். குழந்தைக்குப் பால்மாவு கரைப்பதற்கும் அதுவே விதி.

காய்ச்சிய நீர் ஆறியபின்தான் பெரும்பாலும் கெடுகிறது. காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுவது நன்று. வேறு குடத்தில் ஊற்றுவதாயின், அக்குடத்தை முதலில் கொதிநீரால் அலசவேண்டும். உதட்டில் படாமல் அண்ணாந்து பருகும் நம் வழக்கம் நல்ல வழக்கமே. ஆனால் டம்ளரைக் குடத்திற்குள் விட்டு மொள்ளும்போது விரல்களும் நனைகின்றன. உதட்டைக் காத்தவர் கையைக் காக்க மறந்துவிடுகிறார். நீண்ட காம்புள்ள அகப்பையோ, குழாய் பொருத்திய பாத்திரமோ இக்குறையைப் போக்கும்.

அறிவிப்பு நீங்கிவிட்டது என்ற செய்தி வந்ததும் நம் வேலை முடிந்துவிடுவதில்லை. கெட்ட நீர் இன்னும் நம் வீட்டுக்குள்ளேயே தங்கியிருக்கிறது. தரைத்தொட்டியையும் மாடித்தொட்டியையும் வடித்துத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்புக. பின்னர் ஒவ்வொரு குழாயையும் சில நிமிடம் திறந்துவிடுக. வெந்நீர்க் கருவியில் நின்ற நீரையும் வெளியேற்றுக. குளிர்பெட்டியிலுள்ள பனிக்கட்டியைக் கொட்டிவிடுக. பனிக்கட்டியாய் உறைவதால் கிருமி சாவதில்லை. வடிகட்டியின் மெழுகுவத்தி போன்ற பகுதியைத் தேய்த்துக் கழுவிக் கொதிநீரிலிட்டு எடுக்கவேண்டும். மின்சாரத்தால் இயங்கும் சுத்திகரிப்புக் கருவியாயின், அதன் வடிப்பான்களை மாற்றிக்கொள்ளுதல் தக்கது. அடுக்குமாடி வீடுகளில் தொட்டி பொதுவானது. ஒரு குடும்பம் மட்டும் முனைந்து பயனில்லை. அண்டை வீட்டாருடன் கலந்து செய்யவேண்டும்.

இவ்வளவும் செய்தபின் ஏறத்தாழ இரண்டு மாதம் கவனமாயிருத்தல் நலம். 'ஈ' வகைக் காமாலை உடலில் புகுந்து வெளிப்படப் பெரும்பாலும் ஐந்தாறு வாரம் ஆகும். வீட்டில் எவருக்கேனும் பசி குன்றிச் சிறுநீர் கடும் மஞ்சளாகிக் கண் வெளுப்பு மஞ்சள் நிறம் கொண்டால், மருந்துக்கீரை தேடி நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் செல்க. கருவுற்ற பெண்ணுக்கு இந்நோய் உயிருக்கே ஊறு செய்யக்கூடும். வயிற்றுப்போக்கு கண்டால், உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்குக. அதைக் கரைப்பதற்கும் காய்ச்சி ஆறிய நீரையே எடுத்துக்கொள்க.

மொழி தெரியாத ஊரில் புதிதாகக் குடியேறிய தமிழ்க் குடும்பம் உங்கள் தெருவில் ஒன்று இருக்கலாம். அடுத்த முறை ஒலிபெருக்கி வண்டி வரும்போது, அதன் பொருளை அவர்கள் வாயிலுக்குச் சென்று தமிழில் சொல்லுங்கள். அறிவிப்பு நீங்கும் நாளிலும் ஒருமுறை சென்று, தொட்டியைக் கழுவச் சொல்லுங்கள்.